வந்தாறுமூலைக்குத் திரும்பாதவர்கள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றி மட்டக்களப்பில் நாலு பேர் கூடிப் பேசினால் ஒரு வசனம் தப்பாமல் வந்து விழும்: "நம்மட காசில வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவங்க, அங்கயே வேலை எடுத்து இருந்திட்டாங்க." கோயில் வீதி, மரண வீடு, புத்தக வெளியீட்டு விழாவின் தேநீர் இடைவேளை, இப்போது முகநூல் என்று இடம் மாறும், வசனம் மாறாது. அதைச் சொல்பவரின் மகனோ மகளோ மெல்பேர்ணிலோ ஸ்காபரோவிலோ நிரந்தர வதிவிடம் பெற்று ஆண்டுகள் கடந்திருக்கும். அதைச் சுட்டிக்காட்டினால், "அது வேற, இது வேற" என்பார்.

வேறுதான். சொந்தப் பணத்தில் போனவரிடம் ஊர் கணக்குக் கேட்க முடியாது. அரச சம்பளத்துடன் கல்வி விடுமுறை பெற்றுப் போன விரிவுரையாளரிடம் கேட்கலாம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. கேள்வி அந்த ஒரு மனிதரோடு முடிந்துவிடுவதைத்தான் மறுக்கிறேன். அவர் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுள் எத்தனை பேர், வந்திருந்தால் அவரை எங்கே உட்காரவைத்திருப்போம் என்று கேட்டிருக்கிறார்கள்? வெளிநாட்டு மாணவராகப் போய், படித்த பல்கலைக்கழகத்திலேயே ஆசிரியராகிவிட்ட நம்மவர்களை இழந்துவிட்டதாக எழுதி, ஏட்டை மூடி வைத்தது நாம்தான் என்பதே என் வாதம்.

பல்கலைக்கழக உள்விவகாரம் அறியாத வாசகர்களுக்காக, அந்தக் கணக்கு எவ்வாறு தொடங்குகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். சிறப்புப் பட்டத்தில் நல்ல வகுப்பில் சித்தியெய்திய ஒருவர் தகுதிகாண் விரிவுரையாளராக நியமிக்கப்படுகிறார். எட்டு ஆண்டுகளுக்குள் உயர்பட்டம் ஒன்றைப் பெற்றால்தான் அவருடைய பதவி உறுதியாகும். அவரது துறையில் கலாநிதிப் பட்டத்துக்கு வழிகாட்டக்கூடிய மூத்தவர் பக்கத்து அறையில் இருப்பது அரிது. ஆகவே புலமைப்பரிசில் தேடுகிறார். கிடைத்ததும் விடுமுறைக்கு விண்ணப்பிக்கிறார். அதனோடு ஓர் ஒப்பந்தமும் பிணையும் வருகின்றன. படிப்பு முடிந்ததும் வந்து குறித்த காலம் சேவையாற்ற வேண்டும். தவறினால் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். பிணைக்குக் கையொப்பமிடுபவர் பெரும்பாலும் சித்தப்பாவாகவோ மைத்துனராகவோ உடன் வேலை பார்க்கும் நண்பராகவோ இருப்பார். "நம்மட காசு" என்று ஊர் சொல்வது பெரும்பாலும் விடுமுறைக் காலச் சம்பளத்தையே. கற்கைக் கட்டணத்தையும் ஆய்வுகூடச் செலவையும் அங்கே இருக்கும் உதவித்தொகைச் செலவையும் பல சந்தர்ப்பங்களில் ஏற்பது போகும் நாட்டின் அரசு அல்லது அந்தப் பல்கலைக்கழகம்.

அங்கே போனதும் அவர் விரிவுரையாளர் அல்லர்; வெளிநாட்டு மாணவர். முப்பது வயதைக் கடந்த பின், மனைவி பிள்ளையோடு, மீண்டும் மாணவர் அடையாள அட்டை. நாலைந்து ஆண்டுகள் உழைக்கிறார். பட்டம் முடியும் தறுவாயில் மேற்பார்வையாளர் கூப்பிட்டு, ஆய்வுத் திட்டம் ஒன்றில் இரண்டாண்டு இடம் இருக்கிறது, இருக்கிறாயா என்று கேட்கிறார். இதுதான் நம் ஊர் "ஓடிப்போனார்" என்று சொல்லும் அந்தத் தருணம்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று எண்ணுகிறவர்கள் அந்த அக்கரையையும் சற்றுப் பார்ப்பது நல்லது. இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்தால் இன்னொரு இரண்டாண்டு. அதுவும் முடிந்தால் வேறு நகரம். ஒவ்வொரு ஒப்பந்தத்தின் முடிவும் விசாவின் முடிவுக்கு அருகில் வந்து நிற்கும். பிரித்தானியாவில் 2021 இல் தொடங்கிய பட்டதாரி விசா, கலாநிதிப் பட்டம் பெற்றவர்களுக்கு மூன்று ஆண்டுகள் தந்தது. அதற்குள் நிலையான வேலை கிடைக்காவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். கனடாவில் பல்கலைக்கழக வேலை விளம்பரங்களின் கடைசி வரி, கனேடியப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவாளர்களுக்கும் முன்னுரிமை என்று சொல்லும். ஐக்கிய அமெரிக்காவில் வேலை விசாவுக்குரிய வருடாந்த உச்சவரம்பு பல்கலைக்கழகங்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்ற ஆறுதல் நெடுங்காலம் இருந்தது. 2025 செப்டெம்பரில் நாட்டுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கான புதிய விண்ணப்பம் ஒன்றுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணம் என்ற பிரகடனம் வந்தது. அவுஸ்திரேலியாவில் மணித்தியாலக் கணக்கில் கற்பித்து, தவணைக்குத் தவணை வேலை தேடும் கலாநிதிகள் ஏராளம். படித்த இடத்திலேயே நிரந்தர ஆசிரியராகிவிடுபவர், நூறு பேர் தள்ளுப்படும் வாசலால் உள்ளே நுழைந்த ஒருவர். அவரைத் துரோகி என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

சரி, அவர் வந்திருந்தால்?

2012 ஜூலை முதல் ஒக்டோபர் வரை, ஏறத்தாழ நூறு நாட்கள், இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பது அவர்களுடைய முழக்கம். அந்த ஆறு சதவீதம் இன்றுவரை முழக்கமாகவே இருக்கிறது. 2022 இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது, கடன் வாங்கி வீடு கட்டத் தொடங்கியிருந்த விரிவுரையாளரின் சம்பளம் உலகக் கணக்கில் சில மாதங்களில் பாதியாகியது. 2023 ஜனவரியில் வருமான வரி உச்சமாக 36 சதவீதம் வரை உயர்த்தப்பட்டு, மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் பெறுபவர் எல்லோரும் அதற்குள் இழுக்கப்பட்டனர். 2024 இல் மே முதல் ஜூலை வரை கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம். இவை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவானவை. கொழும்பிலும் பேராதனையிலும் இருப்பவருக்கு இவற்றைத் தாங்க வேறு துணைகள் உண்டு; மேலதிகக் கற்கைநெறிகள், ஆலோசனைப் பணிகள், பக்கத்திலேயே ஆய்வு நிறுவனங்கள். வந்தாறுமூலையில் இருப்பவருக்கு அந்தத் துணைகள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

ஆனால் பணம் மட்டுந்தான் தடையென்று சொன்னால் அது பொய். மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் இருந்து, வடகிழக்கிலும் தெற்கிலும் திரும்பி வந்தவர்கள் பலரோடு பேசியவன் என்ற முறையில் சொல்கிறேன். அவர்கள் சம்பளத்தைப் பற்றி இரண்டாவதாகத்தான் பேசுவார்கள். முதலில் பேசுவது, வந்த முதல் வாரம் தம் கையில் தரப்பட்ட நேரசூசியைப் பற்றி. ஐந்தாண்டு ஒரு பொருளில் மூழ்கி வந்தவருக்கு, அந்தப் பொருளோடு ஒட்டும் உறவும் இல்லாத மூன்று பாடங்கள் ஒப்படைக்கப்படும். ஆய்வுகூடத்துக்கு உபகரணம் கேட்டால் கேள்விப்பத்திரம், அனுமதி, கொழும்பு என்று ஆண்டு உருளும். "அங்க படிச்சுப்போட்டு வந்திட்டு நமக்குப் படிப்பிக்கப் பார்க்கிறார்" என்ற ஒரு வார்த்தை ஆசிரியர் ஓய்வறையில் எழும். அது எழுந்த பின் புதிய பாடத்திட்டத்தைப் பற்றி அவர் வாய் திறக்கமாட்டார். சிலர் இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு இருந்து, துறைகளைக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். அவர்களைப் போற்றுவதும் இல்லை நாம். திரும்பாதவரைத் திட்டும் அதே வாய், திரும்பியவரின் பெயரைக்கூட அறியாது.

இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது. அதைப் பேசாமல் இந்தப் பொருளைப் பேசுவது நேர்மையன்று.

1981 ஓகஸ்ட் 1 ஆம் திகதி பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி, 1986 ஒக்டோபர் 1 ஆம் திகதி முழுப் பல்கலைக்கழகமான இந்த நிறுவனம், அடுத்த நான்காவது ஆண்டில் அகதிமுகாமாகியது. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி அந்த வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்களிலிருந்து 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது. அவர்கள் திரும்பவில்லை. ஆண்டுதோறும் உறவினர்கள் படங்களைப் பிடித்துக்கொண்டு வாயிலில் நிற்கிறார்கள். திரும்பாதவர்கள் என்ற சொல்லை வந்தாறுமூலையில் யோசித்துத்தான் பாவிக்க வேண்டும்.

2006 இல் முதலில் ஒரு பீடாதிபதி கடத்தப்பட்டார். அவரை விடுவிப்பதற்குத் துணைவேந்தர் பதவி விலக வேண்டும் என்று கடத்தியவர்கள் கேட்டார்கள். பீடாதிபதி பின்னர் விடுவிக்கப்பட்டார். அந்தத் துணைவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத், விவசாய விஞ்ஞானி. அவ்வாண்டு டிசெம்பர் 15 ஆம் திகதி கொழும்பில், அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்குள், விஞ்ஞான மாநாடு ஒன்றுக்குச் சென்றவர் வீடு திரும்பவில்லை. துப்பாக்கி ஏந்தியவர்கள் எந்தத் தரப்பினராயினும், ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரையே பட்டப்பகலில் இல்லாமற் செய்ய முடியும் என்ற செய்தி உலகெங்கும் படித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு கிழக்கு மாகாண மாணவருக்கும் அன்றே போய்ச் சேர்ந்தது. பதினெட்டு ஆண்டுகள் கடந்த பின், 2025 ஏப்ரல் 8 ஆம் திகதி, மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சர் ஒருவர் இது தொடர்பில் கைதுசெய்யப்பட்டார். வழக்கின் முடிவை நான் முந்திக்கொள்ளப் போவதில்லை. கேட்பது இதுதான்: 2007 இல் படிப்பை முடித்துவிட்டு மேற்பார்வையாளரின் அறையில் உட்கார்ந்திருந்த இளம் விவசாய ஆராய்ச்சியாளர், எந்தத் தைரியத்தில் விமானச்சீட்டு வாங்கியிருக்க வேண்டும்? அவரைத் திட்டும் பெரியவர்கள் அந்த ஆண்டு அவருக்குக் கடிதம் எழுதினால் "இப்ப வராத மகன்" என்றுதானே எழுதியிருப்பார்கள்.

இந்த இடத்தில் எதிர்வாதக்காரர் முந்திய தலைமுறையை அழைத்து வருவார். வித்தியானந்தன் 1950 இல் இலண்டனில் கலாநிதியாகித் திரும்பினார். கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் ஜோர்ஜ் தொம்சனிடம் படித்துத் திரும்பினார்கள். உண்மை. அவர்கள் திரும்பியது நமது பாக்கியம். ஆனால் அவர்கள் திரும்பி வந்தபோது இந்நாட்டில் தமிழியல் ஆய்வு உலகத்தரத்தில் நடந்த இடங்கள் இருந்தன. திரும்புவது இறங்குமுகமாக இருக்கவில்லை. மேலும், அதே தலைமுறையில் திரும்பிய எல்லோரும் தங்கினார்களா? கணிதப் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் கேம்பிரிஜ்ஜில் டிராக்கிடம் படித்து, அங்கேயே கல்லூரி உறுப்பினராக இருந்து, பின் வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1959 இல் மலாயாவுக்கும், பின்னர் அவுஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கும் போனார். மானிடவியலாளர் ஸ்டான்லி தம்பையா 1954 இல் கோர்னெல்லில் பட்டம் பெற்று, பேராதனையில் கற்பிக்க வந்தவர். 1956 ஜூனில் தம் மாணவர்களோடு கல்லோயாக் குடியேற்றத்தில், அதாவது நமது பட்டிப்பளை ஆற்றங்கரையில், கள ஆய்வில் இருந்தபோதுதான் தமிழர்மீது வன்முறை வெடித்தது. 1960 இல் நாட்டைவிட்டுப் போனார். கேம்பிரிஜ், சிக்காகோ, ஹார்வர்ட் என்று உலகப் புகழ் பெற்று, 2014 இல் காலமானார். திரும்பி வந்தவர்களையும் நம் நாடு அனுப்பி வைத்திருக்கிறது. அவர்களுள் ஒருவர் அதைக் கண்ட இடம் வாவிக்குச் சில மணிநேர ஓட்டத்தில்தான் இருக்கிறது.

இன்னும் பின்னே போனால் நமது மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனனார், 1916 இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் சித்தியெய்தினார். கடல் கடந்த ஒருவருக்கு மதுரை தந்த சான்றிதழ் அது. துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தரான பின், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தனது முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அவரை அமர்த்தியது. தமிழகத்தில் தமிழறிஞர்களுக்குப் பஞ்சமா? மட்டக்களப்பான் ஒருவன் வந்து நமக்குத் தமிழ் சொல்லித் தருவதா என்று சிதம்பரம் கதவைச் சாத்தவில்லை. அங்கே அவரிடம் படித்தவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கணபதிப்பிள்ளை. சுவாமிகள் ஈராண்டில் அப்பதவியை விட்டார், இமயத்துக்கும் போனார், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தமிழ்த்துறையைத் தொடங்கியபோது முதலாவது பேராசிரியராக வந்தார். 1947 இல் அவர் மறைந்த பின் அந்த ஆசனத்துக்கு வந்தவர் அதே கணபதிப்பிள்ளை. யாழ்நூலோ அவ்வாண்டு தமிழகத்துக் கோயிலொன்றில் அரங்கேறியது. இப்படி ஓர் ஆளைப் பற்றி, "போனாரா, வந்தாரா" என்று கேட்பதில் பொருள் உண்டா? அவர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். போக வர வழி இருந்தது.

இன்று அவருடைய பெயரைத் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கிறது. சிலையும் இருக்கிறது. மாலையும் போடுகிறோம். அவருக்குச் சிதம்பரம் திறந்த கதவை நாம் யாருக்குத் திறந்திருக்கிறோம்?

நமது வாவிக்கரைக்கும் வெளிநாட்டு மாணவர்கள் வந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்கர் அக்கரைப்பற்றுக்கு வந்து, தாய்வழிக் குடிமுறையையும் தமிழ், முஸ்லிம் மக்களின் உறவையும் ஆராய்ந்து, சிக்காகோவில் 1974 இல் கலாநிதியானார். கொலராடோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 2008 இல் அந்த ஆய்வின் முழுமையைப் பெருநூலாக வெளியிட்டார். மார்க் விட்டேக்கர் மண்டூர் முருகன் கோயிலை ஆராய வந்தார். அந்நூல் 1999 இல் வந்தது. மார்கரட் ட்ராவிக் போர்க்கால மட்டக்களப்பின் பிள்ளைகளைப் பற்றி எழுதிய நூல் 2007 இல் வந்தது. இவர்கள் எல்லோரும் உழைத்தவர்கள், நம் மக்கள்மீது அன்புடையவர்கள். குறை சொல்ல வரவில்லை. அவர்களுடைய உத்தியோகத்தின் அத்திவாரத்தில் வாவிக்கரைக் களிமண் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். பட்டம் தந்தது சிக்காகோ. பாடம் சொன்னது அக்கரைப்பற்று.

விட்டேக்கர் இங்கே ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் மட்டக்களப்பு இளைஞர் ஒருவரோடு நட்புக் கொண்டார். மண்டூர்க் கோயிலைப் பற்றி மட்டுமன்று, மேலைத் தத்துவத்தைப் பற்றியும் இருவரும் இரவிரவாக வாதாடினார்கள். அந்த இளைஞர் தர்மரத்தினம் சிவராம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1983 கலவரத்தோடு படிப்பை முடிக்காமல் விட்டவர். பின்னாளில் "தராக்கி" என்ற பெயரில் எழுதிய கட்டுரைகளை கொழும்பிலுள்ள தூதரகங்கள் எல்லாம் வாசித்தன. 2005 ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு கொழும்பில் கடத்தப்பட்டார்; மறுநாள் சடலம் கிடந்தது. இரண்டு ஆண்டுகளின் பின், சிவராமிடமிருந்து அரசியல் கற்றல் என்று பொருள்படும் தலைப்பில் விட்டேக்கர் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். அந்தத் தலைப்பு உபசாரத்துக்கு வைத்ததன்று. யார் யாரிடம் படித்தார் என்பதை அந்தப் பேராசிரியர் நேர்மையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒருவர் பேராசிரியரானார். மற்றவர் ஒரு பட்டம்கூடப் பெறவில்லை. ஒரே மேசையில் இருந்து வாதாடிய இருவரில் இந்த வேறுபாட்டை உண்டாக்கியது அறிவு அன்று. ஒருவருக்குத் திரும்பிப் போவதற்கு இயங்கும் பல்கலைக்கழகம் ஒன்று இருந்தது.

இப்போது கடல் கடந்த நண்பர்கள் பக்கம் திரும்புகிறேன். அவர்களுக்காக இவ்வளவு வாதாடிய உரிமையில் கேட்கிறேன். மெல்பேர்ணிலோ ஒஸ்லோவிலோ சிங்கப்பூரிலோ படித்து, அங்கேயே ஆசிரியராகிவிட்டீர்கள், வாழ்க. உங்களுடைய ஆய்வேடு எதைப் பற்றியது? வாவியின் இறால், கரையோரக் கண்டல், படுவான்கரையின் வேளாண்மை, எழுவான்கரையின் கூத்து, போருக்குப் பின் பெண்கள் தலைமைதாங்கும் குடும்பங்கள். உங்களுக்குத் தரவு தந்த மீனவர் இன்னும் நாவற்குடாவிலோ கொக்கட்டிச்சோலையிலோ இருக்கிறார். அவருக்குப் புரியும் மொழியில் இருபது பக்கம் எழுதினீர்களா? வந்தாறுமூலை நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பினீர்களா? அமெரிக்கரிடம் எதிர்பார்க்காத ஒன்றை உங்களிடம் எதிர்பார்க்கிறேன் என்றால் காரணம் சொல்லவேண்டியதில்லை. பதவி உயர்வுக் குழு ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரைகளையே எண்ணும், தமிழில் எழுதினால் எண்ணாது என்பீர்கள். அறிவேன். நிரந்தரப் பதவி கிடைக்கும் வரை அந்தச் சாக்குச் செல்லும். கிடைத்த பின்?

புலம்பெயர்ந்த செல்வந்தர்களிடமும் ஒரு வார்த்தை. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர் சேர்ந்தது 2018 இல். தமிழக அரசு மட்டும் 10 கோடி இந்திய ரூபா தந்தது. ரொறன்ரோவில் 30 இலட்சம் கனேடிய டொலர் சேர்ந்தது. நம்மவர்கள் வாரிக் கொடுத்தார்கள், பெருமைதான். உலகத்திலேயே செல்வம் மிகுந்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு கதிரை வாங்கிக் கொடுத்தோம். அதன் நூற்றிலொரு பங்கு, 60 ஆயிரம் டொலர், வந்தாறுமூலைக்கு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். ஆண்டுக்கு மூன்று பேராக, பத்தாண்டுகளில் முப்பது பேரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, விமானச்சீட்டும் தங்குமிடமும் கொடுத்து, ஒவ்வொருவரையும் ஆறு வாரம் கற்பிக்கச் செய்ய அது போதும். இந்தியா 2015 இல் இதே நோக்கில் ஒரு திட்டம் தொடங்கி, வெளிநாட்டுப் பேராசிரியர்களைக் குறுகிய காலக் கற்கைகளுக்காகத் தன் நிறுவனங்களுக்கு அழைத்தது. கோடிக்கணக்கான டொலரில் ஆள்பிடித்த சீனாவைப் பார்த்து நாம் மலைக்க வேண்டாம். இந்தச் சிறு அளவு நமக்கு எட்டும்.

பல்கலைக்கழக நிருவாகமும் மானியங்கள் ஆணைக்குழுவும் செய்யக்கூடியது பணம் சேர்ப்பதைவிட எளிது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவியில் இருக்கும் நம்மவர் ஒருவரை இங்கே உயர்பட்ட மாணவர்களுக்கு இணை மேற்பார்வையாளராக்குங்கள். வருகைதரு ஆசிரியர் என்ற பதவியைச் சடங்குக்குரிய ஒன்றாக வைத்திராமல், பெயர்ப்பலகையும் மேசையும் உள்ள பதவியாக்குங்கள். அங்கே ஏழாண்டுக்கொருமுறை வரும் ஓய்வாண்டை இங்கே கழிக்க விரும்புபவருக்குக் குடியிருப்பு ஒன்றை ஒதுக்குங்கள். புதிதாகத் திரும்பி வருபவருக்கு முதல் இரண்டாண்டு அவருடைய சொந்தப் பாடத்தையே கொடுங்கள்; இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கடைசியாக அந்தப் பிணை. ஒப்பந்தத்தை மீறியவர் பணத்தைக் கட்டிவிட்டால் கோப்பு மூடப்படுகிறது. ரூபாவின் வீழ்ச்சிக்குப் பின், டொலரில் சம்பளம் பெறுபவருக்கு அது அன்றிருந்ததைப் போன்ற பாரமுமல்ல. உறவும் அத்தோடு அறுந்துபோகிறது, வந்தாறுமூலை மாணவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைப்பதில்லை. கட்ட முடியாதவருக்கோ ஊரில் பிணை நின்ற மைத்துனர் நீதிமன்றப் படி ஏறுகிறார். இதற்குப் பதிலாக, கடனை வாரங்களில் செலுத்தும் உரிமையைக் கொடுத்துப் பாருங்கள்: மூன்றாண்டுச் சேவைக் கடன் உள்ளவர், பத்தாண்டுக்குள் இத்தனை வாரம் வந்து கற்பித்தால் கணக்குத் தீரும் என்று. சட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொல்வார்கள். ஒப்பந்தப் படிவத்தை எழுதியது பாராளுமன்றம் அன்று. சுற்றுநிருபம் ஒன்றினால் ஆனது இன்னொரு சுற்றுநிருபத்தினால் மாறலாம். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வட அரைக்கோள நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்குக் கோடை விடுமுறை. அந்த மாதங்களில் மட்டக்களப்பில் மழை இல்லை, வெள்ளம் இல்லை, செங்கலடி வீதி திறந்தே இருக்கும். வெயில் மட்டும் சற்றுக் கடுமை.